கட்சிக்குக் கொடுக்கும் காசும் ஓட்டுக்குக் கொடுக்கும் காசும்: தோட்டத்து மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் வாக்காளர் வகுப்பு நடத்தும்போது மக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். பதில்களில் சட்டமும் இருக்கும், என் கருத்தும் இருக்கும். கருத்து சொல்லும் இடங்களில் அது என் கருத்து என்றே சொல்லியிருக்கிறேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை.

டீச்சர், கட்சிக்குக் காசு கொடுக்கிறதே தப்பா?

தப்பில்லை. கட்சி நடத்தக் காசு வேண்டும். கொடி, நோட்டீஸ், மண்டப வாடகை, பெட்ரோல், தேர்தல் நாளில் வாக்குச்சாவடியில் உட்காரும் முகவர்களுக்குச் சாப்பாடு என்று செலவுக்குக் குறைவில்லை. வேட்பாளராக நிற்கவே நாடாளுமன்றத்திற்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்), சட்டமன்றத்திற்கு 5,000 வெள்ளி வைப்புத்தொகை கட்ட வேண்டும். பதிவான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கு கிடைக்காவிட்டால் அந்தப் பணம் போய்விடும். பேனர்களையும் கொடிகளையும் பிறகு அகற்றுவதற்கென்று நாடாளுமன்றத்திற்கு 5,000, சட்டமன்றத்திற்கு 3,000 தனியாகக் கட்ட வேண்டும். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவரின் மகளோ லாரி ஓட்டுநரோ தேர்தலில் நிற்க நினைத்தால், நாலு பேர் காசு கொடுக்காமல் முடியாது. அப்படிக் கொடுப்பது ஜனநாயகத்தில் ஓட்டுப் போடுவதைப் போலவே மதிப்பான செயல் என்று நான் நினைக்கிறேன்.

யார் கொடுத்தார், எவ்வளவு கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரியாமல் போகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

எவ்வளவு வரைக்கும் கொடுக்கலாம்? யார் யார் கொடுக்கலாம்?

நம் நாட்டில் கட்சி நன்கொடைக்கு உச்சவரம்பு கிடையாது. 10 வெள்ளியும் கொடுக்கலாம், ஒரு கோடியும் கொடுக்கலாம். நிறுவனங்கள் கொடுப்பதற்கும் தடையில்லை. வெளிநாட்டிலிருந்து கட்சிக்குப் பணம் வரக்கூடாது என்று குறிப்பாகச் சொல்லும் சட்டமும் இல்லை. கொடுத்தவர் பெயரைக் கட்சி வெளியிட வேண்டிய கட்டாயமும் இல்லை.

வகுப்பில் இதைச் சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு 50 வெள்ளி கொடுத்தாலே பெயர் எழுதி ரெசிட் தருகிறார்களே, நாட்டை ஆளப் போகிற கட்சிக்கு இது இல்லையா என்று ஒரு பாட்டி கேட்டார். அவர் கேட்டது முழுக்க நியாயம்.

வேட்பாளர் எவ்வளவு செலவு பண்ணலாம்? அதுக்காவது கணக்கு இருக்கா?

இருக்கிறது. 1954ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டத்தின்படி நாடாளுமன்ற வேட்பாளர் 200,000 வெள்ளி வரையும், சட்டமன்ற வேட்பாளர் 100,000 வெள்ளி வரையும் செலவிடலாம். நம் சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதிக்குள் ஜாலோங், லிந்தாங் என்று இரண்டு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன. ஒரு கூட்டணி மூன்று இடத்திலும் ஆள் நிறுத்தினால், மூவருக்கும் சேர்த்து 400,000 வெள்ளிக்குள் முடிக்க வேண்டும் என்று ஆகிறது.

பிரச்சாரம் நடக்கும் இரண்டு வாரத்தில் நம் பெரிய சாலையில் தொங்கும் பேனர்களையும், முச்சந்திக்கு முச்சந்தி முளைக்கும் நடவடிக்கை அறைகளையும் (கட்சிகளின் தேர்தல் அலுவலகங்கள்), இரவு செராமாக்களையும் (பிரச்சாரக் கூட்டங்கள்) பார்த்தவர்களுக்கு அந்தத் தொகைக்குள் எல்லாம் முடிந்திருக்குமா என்ற சந்தேகம் வரும். அதற்குச் சட்டத்திலேயே காரணம் இருக்கிறது. வரம்பு வேட்பாளருக்குத்தான், கட்சிக்கு இல்லை. கோலாலம்பூரிலுள்ள கட்சித் தலைமை நாடு முழுவதும் விளம்பரம் செய்தால் அது நம் ஊர் வேட்பாளரின் கணக்கில் ஏறாது. அதோடு, வேட்புமனுத் தாக்கலிலிருந்து வாக்களிப்பு வரையுள்ள நாட்களைத்தான் பிரச்சாரக் காலம் என்கிறோம். 15ஆவது பொதுத்தேர்தலில் அது 2022 நவம்பர் 5 முதல் 19 வரை. அதற்கு முந்தைய ஆறு மாதம் தொகுதி முழுக்கக் கொட்டிய பணம் நடைமுறையில் யார் கணக்கிலும் வருவதில்லை.

தேர்தல் முடிவு அரசிதழில் வெளியான 31 நாட்களுக்குள் வேட்பாளரோ அவருடைய தேர்தல் முகவரோ செலவுக் கணக்கை மாநிலத் தேர்தல் அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். தோற்றவருக்கும் இதே விதிதான். கட்டணம் கட்டி அந்தக் கணக்கைப் பொதுமக்கள் பார்வையிடலாம், ஆனால் அதற்கான காலம் குறுகியது. இதை நம் ஊரில் யாராவது செய்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இளைஞர் மன்றத்தினர் இரண்டு பேர் மாநிலத் தலைநகரான ஈப்போ வரை போய்வந்தால் போதும். எவ்வளவு பேனர், எத்தனை செராமா என்று தாங்கள் கண்ணால் கண்டதையும் தாளில் எழுதியிருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தால், தேர்தல் செலவு என்றால் என்னவென்று அவர்களுக்கு ஒரே நாளில் புரிந்துவிடும்.

சரி, கட்சியோட கணக்கை யார் பார்க்கிறா?

கட்சிகள் 1966ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் பதிவாகின்றன. சட்டத்தின் கண்ணில் நாட்டை ஆளும் கட்சியும் நம் ஊர் நற்பணி மன்றமும் ஒரே வகைதான். ஆண்டுக் கூட்டம் நடந்த 60 நாட்களுக்குள் கணக்கறிக்கையைச் சங்கங்களின் பதிவிலாகாவிடம் கொடுக்க வேண்டும். அந்த அறிக்கையில் மொத்த வரவும் மொத்தச் செலவும் இருக்கும். வரவு யாரிடமிருந்து வந்தது என்று ஊர் அறிய எழுத வேண்டியதில்லை. மன்றத்திற்கு இந்த அளவு போதும். கோடிக்கணக்கில் திரட்டும் கட்சிக்குப் போதாது.

சில கட்சிகள் காலங்காலமாக நிறுவனங்களையே கையில் வைத்திருந்தன. தி ஸ்டார் நாளிதழில் மசீசவுக்கு (மலேசிய சீனர் சங்கம்) பெரும் பங்கு உண்டு. மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவோடு தொடர்புள்ள நிறுவனங்கள் 1980களிலும் 1990களிலும் பெரிய பெரிய ஒப்பந்தங்களை எடுத்தன. கட்சி, வணிகம், அரசாங்கம் மூன்றும் ஒரே கையில் இருக்கும்போது, எந்தக் காசு எங்கே போனது என்று வெளியில் இருப்பவர் கண்டுபிடிக்க வழியே இல்லை.

அந்த 2.6 பில்லியன் கதை என்ன? நன்கொடைன்னு சொன்னாங்களே?

2015 ஜூலையில், அப்போதைய பிரதமரும் அம்னோ தலைவருமான நஜிப் ரசாக்கின் சொந்த வங்கிக் கணக்கில் ஏறத்தாழ 2.6 பில்லியன் வெள்ளி வந்திருந்தது வெளியானது. பெரும்பகுதி 2013 மார்ச்சில் வந்தது. அந்த ஆண்டு மே 5ஆம் தேதி 13ஆவது பொதுத்தேர்தல். 2016 ஜனவரியில் அன்றைய சட்டத்துறைத் தலைவர், அது சவுதி அரச குடும்பம் கொடுத்த நன்கொடை, அதில் ஏறத்தாழ 2.03 பில்லியன் வெள்ளி திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது, குற்றம் ஏதுமில்லை என்று அறிவித்தார்.

வகுப்பில் நான் எப்போதும் ஒரு விஷயத்தில் மக்களை நிறுத்துவேன். பணம் எங்கிருந்து வந்தது என்பதை ஒரு நிமிடம் ஒதுக்கி வையுங்கள். அது உண்மையாகவே நன்கொடையாக இருந்திருந்தால், நம் சட்டத்தில் எதை மீறியதாகும்? வெளிநாட்டுப் பணம் என்பதற்குத் தடையில்லை. தொகைக்கு வரம்பில்லை. கட்சியின் கணக்கில் போடாமல் தலைவரின் சொந்தக் கணக்கில் போடுவதைத் தடுக்கவும் நன்கொடைச் சட்டம் என்று ஒன்று இல்லை. "நன்கொடை" என்று சொன்னதும் அங்கே ஒரு வாய்ப்பூட்டு விழுந்தது. அரசியல் நிதிச் சட்டம் ஒன்று அன்று இருந்திருந்தால், அந்தப் பதிலைச் சொன்ன அன்றே அடுத்த கேள்வியைக் கேட்டிருக்க முடியும்.

பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அரசின் முதலீட்டு நிறுவனமான 1எம்டிபியின் துணை நிறுவனமாக இருந்த எஸ்ஆர்சியின் 42 மில்லியன் வெள்ளி தொடர்பான வழக்கில் 2020 ஜூலை 28ஆம் தேதி உயர் நீதிமன்றம் நஜிப்பைக் குற்றவாளி எனத் தீர்ப்பளித்தது. அரபு நன்கொடை என்று நம்பினேன் என்ற வாதத்தை நீதிபதி ஏற்கவில்லை. 2022 ஆகஸ்ட் 23இல் கூட்டரசு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்தது. அவர் தண்டிக்கப்பட்டது நம்பிக்கை மோசடி, அதிகார முறைகேடு, சட்டவிரோதப் பணமாற்றம் ஆகிய குற்றங்களுக்கு. அரசியல் நன்கொடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் எதையும் மீறியதற்கு இல்லை, ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை.

ஒரு கட்சியை மட்டும் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2023இல் எதிர்க்கட்சி வரிசையில் இருந்த பெர்சத்து கட்சியின் வங்கிக் கணக்குகளை ஊழல் தடுப்பு ஆணையம் முடக்கியது. கூட்டணி எது என்றாலும் அடியில் இருப்பது ஒரே ஓட்டை.

தேர்தல் நேரத்துல அரிசி மூட்டை, 50 வெள்ளி கொடுத்தா வாங்கலாமா?

நேராகச் சொல்கிறேன். ஓட்டுக்காகக் கொடுத்தால் கொடுப்பவரும் குற்றவாளி, வாங்குகிறவரும் குற்றவாளி. தேர்தல் குற்றச் சட்டம் இரண்டு தரப்பையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. பணமாக இருக்க வேண்டும் என்றில்லை. பொருள், கடன், வேலை, வேலை வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதி எல்லாம் அதில் அடங்கும். ஓட்டைத் திருப்பும் நோக்கத்தோடு விருந்து வைப்பது தனிக் குற்றம். ஓட்டுப் போட்ட பிறகு கொடுத்தாலும் தப்ப முடியாது.

இது ஏட்டுச் சட்டம் மட்டுமே என்று நினைப்பவர்களுக்கு, நமக்குப் பக்கத்திலேயே, தேயிலைத் தோட்டங்களில் நம் ஆட்கள் நிறைய இருக்கும் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2018 பொதுத்தேர்தலில் கேமரன் மலைத் தொகுதியை மஇகா (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) வேட்பாளர் 597 வாக்குகளில் வென்றார். தோற்ற ஜசெக (ஜனநாயக செயல் கட்சி) வேட்பாளர் மனுப் போட்டார். பூர்வகுடி வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது என்று தேர்தல் நீதிமன்றம் கண்டறிந்து, அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி வெற்றியை ரத்து செய்தது. வென்றவர் ஐந்து ஆண்டுகள் போட்டியிட முடியாமல் போனது. 2019 ஜனவரி 26இல் இடைத்தேர்தல் நடந்தது.

15ஆவது பொதுத்தேர்தலுக்குப் பிறகு திரெங்கானுவிலும் இப்படியே நடந்தது. கோல திரெங்கானு, கெமாமான் ஆகிய இரண்டு நாடாளுமன்றத் தொகுதிகளில் பாஸ் கட்சியின் வெற்றியை 2023இல் நீதிமன்றம் லஞ்சத்தின் காரணமாக ரத்து செய்தது. கேமரன் மலையில் கொடுத்தது ரொக்கம். திரெங்கானுவில் பிரச்சினையானது உதவித்தொகை. தேர்தலை ஒட்டி உதவி என்ற பெயரில் வருவதும் லஞ்சமாகக் கருதப்படலாம் என்பதை இந்தத் தீர்ப்புகள் காட்டின.

இனி என் கருத்து. 50 வெள்ளியை வாங்குகிற தோட்டத்துக் குடும்பத்தைத் திட்டி எழுதுவது எளிது. மாதக் கடைசியில் கடைக்காரரிடம் கடன் நிற்கும் வீட்டுக்கு 50 வெள்ளி என்பது பாலும் அரிசியும். அந்த அம்மாவிடம் எனக்குக் கோபமில்லை. அவருடைய முடையைத் தெரிந்துகொண்டு, ஐந்து ஆண்டு எட்டிப் பார்க்காமல் இருந்துவிட்டு, வாக்களிப்புக்கு முந்திய இரவு உறையோடு வருகிறவர் மீதுதான் கோபம். லயத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றி ஒன்றும் செய்யாதவருக்கு, அந்த வீட்டில் எத்தனை ஓட்டு என்பது மட்டும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

"வாங்கிக்கோ, ஆனா மாத்திப் போடு"ன்னு சொல்றாங்களே, அப்படிப் பண்ணலாமா?

ரொம்பப் பேர் சொல்லும் யோசனை. சட்டப்படி, ஓட்டுக்கு என்று ஒப்புக்கொண்டு வாங்கிய நிமிடமே குற்றம் முடிந்துவிட்டது. அப்புறம் யாருக்குப் போட்டீர்கள் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை.

இதற்குள் ஒரு பயமும் ஒளிந்திருக்கிறது: "வாங்கிட்டு மாத்திப் போட்டா அவங்களுக்குத் தெரிஞ்சிடுமா?" உங்கள் ஓட்டு யாருக்கும் தெரியாது. வாக்குகள் சாலுரான் (வாக்குச்சாவடிக்குள் உள்ள தனித்தனி வாக்களிப்பு அறை) வாரியாக எண்ணப்படுவதால், இந்த வட்டாரத்தில் இந்தச் சாலுரானில் எந்தக் கட்சிக்கு எத்தனை ஓட்டு என்பது கட்சிகளுக்குத் தெரியும். இரண்டு மூன்று தோட்டம் மட்டும் உள்ள சிறிய வட்டாரமாக இருந்தால், மொத்தமாக எந்தப் பக்கம் சாய்ந்தது என்று கணிக்கலாம். அதைக் காட்டித்தான் சில தண்டல்கள் (தோட்ட மேஸ்திரிகள்), "உங்க ஓட்டு எங்களுக்குத் தெரியும்" என்று மிரட்டுகிறார்கள். அது பொய். அப்படி மிரட்டுவதே தேர்தல் குற்றம்.

எங்க ஒய்பி தீபாவளிக்கு ஹம்பர் கொடுக்கிறார். அதுவும் லஞ்சமா?

ஒய்பி, அதாவது தொகுதி உறுப்பினர், தேர்தல் இல்லாத காலத்தில், ஓட்டுக் கேட்காமல், வசதி குறைந்த குடும்பங்களுக்கு ஹம்பர் எனும் பரிசுக் கூடை கொடுப்பது அதனாலேயே குற்றமாகிவிடாது. ஆனால் அந்தப் பணம் யாருடையது என்று கேளுங்கள். பெரும்பாலும் அது அரசாங்கம் தொகுதிக்கு ஒதுக்கிய பணம், அதாவது நம் வரிப்பணம். ஹம்பர் மேல் படத்தை ஒட்டிக் கொடுக்கும்போது ஒய்பி தம் சட்டைப்பையிலிருந்து கொடுப்பது போல ஆகிவிடுகிறது.

நம் ஊருக்கு இதில் ஒரு வரலாறே உண்டு. 1974 முதல் 2008 வரை இங்கே நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர் அமைச்சர் சாமிவேலு. 2008இல் அவரை வென்ற டாக்டர் மைக்கல் ஜெயக்குமார் எதிர்க்கட்சி வரிசையில் அமர்ந்தார். தொகுதி ஒதுக்கீடு அவருக்குக் கிடைக்கவில்லை. ஒரே தொகுதி, ஒரே மக்கள், ஒரே வரி. கட்சி மாறியதும் ஒதுக்கீடு நின்றது. அவர் நீதிமன்றம் வரை போனார், நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. எந்தத் தொகுதிக்கு எவ்வளவு என்பதைச் சட்டத்தில் எழுதி வைக்காதவரை, ஆளும் தரப்பு விரும்பினால் கொடுக்கும், விரும்பாவிட்டால் நிறுத்தும். அரசியல் நிதி என்றால் தொழிலதிபர் கொடுக்கும் நன்கொடையை மட்டுமே நினைக்கிறோம். பொதுப்பணத்தை ஒரு பக்கத்துக்கு மட்டும் திறந்துவிடுவதும் அரசியல் நிதிதான், அதுவும் எல்லாவற்றிலும் பெரிய தொகை.

தேர்தல் அறிவிச்சதும் தமிழ்ப்பள்ளிக்கும் கோயிலுக்கும் மானியம் வருது. நமக்கு நல்லதுதானே?

பள்ளிக்குக் கூரையும் கோயிலுக்கு மதிலும் வருவது நல்லதுதான். அது நான்காவது ஆண்டிலேயே, ஏன் முதல் ஆண்டிலேயே வந்திருக்க வேண்டும்.

2010 மே மாதம் சரவாக்கின் சிபு இடைத்தேர்தலில், வெள்ளத் தடுப்புக்கு 5 மில்லியன் வெள்ளி தருகிறேன், "நீங்கள் எனக்கு உதவுங்கள், நான் உங்களுக்கு உதவுகிறேன்" என்று அன்றைய பிரதமர் நஜிப் வெளிப்படையாகவே மேடையில் பேசினார். நாடாளுமன்றம் கலைந்த பிறகு இடைக்கால அரசு என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று நம் நாட்டில் சட்டமாக எழுதவில்லை. மரபு என்கிறார்கள். மரபை மீறினால் யாரும் தண்டிப்பதில்லை.

பள்ளி மேலாளர் வாரியத்திலும் கோயில் குழுவிலும் இருப்பவர்களுக்கு நான் சொல்வது: மானியக் கடிதம் வந்தால் வாங்குங்கள், அது உங்கள் உரிமை. மேடையில் ஓட்டுக் கேட்க அதை ஆதாரமாகக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

ஓட்டுப் போட வேன் அனுப்புறாங்க. ஏறலாமா? வீட்டுச் சுவத்துல பேனர் கட்ட காசு தர்றாங்களே?

வேட்பாளரின் வெற்றிக்காக வாக்காளர்களை ஏற்றிச் செல்ல வண்டி வாடகைக்கோ பயணக் கட்டணத்துக்கோ பணம் கொடுப்பது சட்டவிரோதச் செயல். வாக்காளரின் வீட்டையோ நிலத்தையோ விளம்பரம் வைக்கப் பயன்படுத்தி அதற்குப் பணம் கொடுப்பதும் அப்படியே. இந்த இரண்டாவது விஷயம் நம் ஊரில் யாருக்கும் தெரியாது. பிடித்த கட்சியின் கொடியை உங்கள் வேலியில் நீங்களே கட்டிக்கொள்ளுங்கள், அதற்குக் காசு வாங்காதீர்கள். தோட்டத்திலிருந்து வாக்குச்சாவடி தூரமாக இருந்தால், அண்டை வீட்டுக்காரர் காரில் சேர்ந்து போங்கள்.

கிளைத் தலைவர்கிட்ட ரொக்கமா 100 வெள்ளி கொடுத்தேன், ரெசிட் தரல. என்ன பண்றது?

கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார் என்று பயப்பட வேண்டாம்.

நன்கொடை கொடுப்பதென்றால் கட்சியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் போடுங்கள். கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் திரையில் யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். தனிநபர் பெயர் வந்தால், ஏன் என்று கேட்டுத் தெளிந்த பிறகு அனுப்புங்கள். ரொக்கம்தான் என்றால் எண்ணிட்ட ரெசிட் வாங்குங்கள்.

நம் மக்களுக்குச் சிறு தொகையைச் சேர்த்துப் பெரிய காரியம் செய்யும் பழக்கம் புதிதில்லை. துண்டாடல் என்ற பெயரில் பெரிய தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில், மஇகா தலைவராக இருந்த இந்த ஊரின் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளியாகக் கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கினார்கள். அந்தப் பணம் தோட்டங்களை வாங்கியது. அதில் கட்டிய ஒவ்வொருவர் கையிலும் பாஸ்புக்கோ ரெசிட்டோ இருந்தது, ஒவ்வொருவருக்கும் கூட்டத்தில் எழுந்து கேட்கும் உரிமை இருந்தது. கட்சி நிதியும் அந்த மாதிரிச் சேர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். 5,000 பேர் ஆளுக்கு 20 வெள்ளி கொடுத்தால் 100,000 வெள்ளி, ஒரு சட்டமன்ற வேட்பாளரின் முழு வரம்பு. அந்த வேட்பாளர் வென்ற பிறகு 5,000 பேருக்குக் கடன்பட்டவர். ஒரே ஒரு குத்தகைக்காரர் (காண்ட்ராக்டர்) அதே தொகையைக் கொடுத்தால், அவர் யாருக்குக் கடன்பட்டவர் என்று நான் சொல்லத் தேவையில்லை.

குத்தகைக்காரர் கட்சிக்குக் கொடுக்கிறார், அப்புறம் அவருக்கே சாலை வேலை கிடைக்குது. அது குற்றமில்லையா?

வேலைக்குக் கைம்மாறாகக் கொடுத்தது என்று நிரூபித்தால் குற்றம். 2009ஆம் ஆண்டு ஊழல் தடுப்பு ஆணையச் சட்டப்படி 20 ஆண்டு வரை சிறையும், கொடுத்த தொகையைப் போல் ஐந்து மடங்கு அல்லது 10,000 வெள்ளி, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாத அபராதமும் உண்டு. 2020 ஜூன் 1 முதல் நிறுவனத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் வழி இருக்கிறது.

நிரூபிப்பதுதான் கஷ்டம். "அது கட்சிக்குக் கொடுத்த நன்கொடை, இது தனியாக வந்த டெண்டர்" என்று இருவருமே சொல்வார்கள். நன்கொடையாளர் பட்டியல் பகிரங்கமாக இருந்தால், டெண்டர் பட்டியலையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பள்ளி மாணவனே பார்த்துவிடலாம்.

மத்த நாட்டுல எப்படி?

பக்கத்துச் சிங்கப்பூர் 2000ஆம் ஆண்டிலேயே அரசியல் நன்கொடைச் சட்டம் கொண்டுவந்து வெளிநாட்டுப் பணத்தைத் தடுத்தது. பெயர் தெரியாத நன்கொடைகளை ஓர் ஆண்டில் 5,000 சிங்கப்பூர் வெள்ளிக்குள் அடக்கியது. கனடாவில் 2007 முதல் கூட்டரசு அளவில் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கட்சிக்குக் கொடுக்க முடியாது, தனிமனிதர் மட்டுமே, அதுவும் வரம்புக்குள்.

இந்தியாவைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். அங்கே 2018இல் தேர்தல் பத்திரங்கள் வந்தன. ஸ்டேட் வங்கியில் பத்திரம் வாங்கிக் கட்சியிடம் கொடுக்கலாம், கொடுத்தவர் பெயர் மக்களுக்குத் தெரியாது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. யார் கட்சிக்குப் பணம் கொடுக்கிறார் என்பதை அறியும் உரிமை வாக்காளருக்கு உண்டு என்றது. அதன் பிறகு பட்டியல் வெளிவந்தது, எந்த நிறுவனம் எப்போது யாருக்குக் கொடுத்தது என்று மக்கள் தாங்களே தேடிப் பார்த்தார்கள். நம் வகுப்புக்கு அதைவிடச் சிறந்த பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அரசாங்கமே கட்சிகளுக்குக் காசு கொடுத்துட்டா என்ன? நம்ம வரியைக் கொடுக்கணுமா?

"இருக்கிற வரிச்சுமை போதாதா" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஜெர்மனியில் செய்வதைக் கவனியுங்கள். வாங்கிய வாக்குகளுக்கு ஏற்பவும், மக்களிடம் திரட்டிய சிறு நன்கொடைகளுக்கு ஏற்பவும் அரசு கட்சிக்குப் பணம் கொடுக்கிறது. ஒருவர் கொடுக்கும் நன்கொடையில் 3,300 யூரோ வரைக்கும், ஒவ்வொரு யூரோவுக்கும் 45 சென்ட் அரசு சேர்த்துக் கொடுக்கும். கட்சி தானாகத் திரட்டியதைவிட அதிகமாக அரசிடமிருந்து வாங்க முடியாது. இதனால் கட்சிகள் சாதாரண மக்களின் வீட்டு வாசலுக்குப் போக வேண்டியிருக்கிறது. முழுக்கணக்கையும் வெளியிடும் கட்சிக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு இப்படி ஒரு முறை இங்கே வருமானால் நான் ஆதரிப்பேன். கணக்கு வெளியிடும் கட்டாயம் இல்லாமல் பணம் மட்டும் கொடுக்கும் முறையை எதிர்ப்பேன்.

இவ்வளவு தெரிஞ்சும் ஏன் சட்டம் வரல?

வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். 2015இல் அரசே ஒரு ஆலோசனைக் குழுவை அமைத்தது. 2016இல் அது 32 பரிந்துரைகளைக் கொடுத்தது. ஒன்றும் சட்டமாகவில்லை. 2018 தேர்தல் அறிக்கையில் பக்காத்தான் ஹராப்பான் கூட்டணி அரசியல் நிதிச் சட்டத்தை வாக்குறுதியாகக் கொடுத்தது. 22 மாதத்தில் ஆட்சி கவிழ்ந்தது, சட்டம் வரவில்லை. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டத்தை 2022 ஜூலை 28இல் எல்லாத் தரப்பும் சேர்ந்து மக்களவையில் நிறைவேற்றினார்கள். வாக்களிக்கும் வயதை 18 ஆக்க 2019இல் அரசியலமைப்பையே ஒருமனதாகத் திருத்தினார்கள். மனம் வைத்தால் கூடி வருகிறார்கள் என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

இதில் மட்டும் ஏன் மனம் வரவில்லை என்பதற்கு என் பதில்: ஆளும்போது பணம் தானாக வந்து சேர்கிறது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது, பெயர் வெளியே வந்தால் கொடுப்பவர் பயந்து ஒதுங்கிவிடுவார். இரண்டாவது காரணம் போலித்தனம் என்று தள்ளிவிட முடியாதது. எதிர்க்கட்சிக்குக் கொடுத்த கடைக்காரருக்கு உரிமம் புதுப்பிக்கத் தாமதமாகும் என்ற பயம் சிறு ஊர்களில் நிஜம். அதனால்தான் சிறு தொகைக்குப் பெயர் வெளியிட வேண்டாம், பெரிய தொகைக்குக் கட்டாயம் என்று கோடு போடச் சொல்கிறேன். கோட்டை எங்கே போடுவது என்று நாடாளுமன்றத்தில் சண்டை போடட்டும். சட்டமே வேண்டாம் என்பதற்கு அது காரணமாகாது.

பணம் கொடுத்ததை நான் கண்ணால் பார்த்தேன். யார்கிட்ட சொல்றது? எனக்கு ஆபத்து வருமா?

ஊழல் தடுப்பு ஆணையத்தின் இலவச எண் 1-800-88-6000. ஈப்போவில் அதன் மாநில அலுவலகம் இருக்கிறது. போலீஸிலும் புகார் செய்யலாம். யாராவது உங்களிடமே லஞ்சம் நீட்டினால், அதைத் தெரிவிப்பது ஊழல் தடுப்புச் சட்டப்படி உங்கள் கடமை.

2010ஆம் ஆண்டுத் தகவல் தருபவர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பெயரை மறைத்து வைக்கும். ஆனால் அமலாக்க அதிகாரிகளிடம் சொன்னால்தான் அந்தப் பாதுகாப்பு. முதலில் ஃபேஸ்புக்கிலோ வாட்ஸ்அப் குழுவிலோ போட்டுவிட்டுப் பிறகு போனால் பாதுகாப்பை இழக்க நேரிடும். இளைஞர்கள் இதைக் கவனிக்க வேண்டும், கோபத்தில் காணொளியை உடனே பகிர்ந்துவிடுகிறார்கள்.

தேதி, நேரம், இடம், யார் கொடுத்தார், யார் வாங்கினார், என்ன பேசினார்கள் என்பதை அன்றே எழுதி வையுங்கள். உறையைத் தூக்கிப் போடாதீர்கள். வேட்பாளர் மட்டும்தான் தேர்தல் மனுப் போட முடியும் என்றில்லை, அந்தத் தொகுதியில் வாக்களித்தவரும் வாக்களிக்க உரிமை உள்ளவரும் போடலாம். அதற்கான கெடு முடிவு அரசிதழில் வந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கிவிடும், அதனால் தேர்தல் முடிந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.